பழைய கச்சேரி ரெக்கார்டில் இரைச்சல்: குறை நாடாவிலா, தட்டிலா?

கேள்வி: கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்திய கச்சேரியை 5 இசைத்தட்டுகளாக வாங்கினேன். மெதுவான இடங்களில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல், ஒரு பக்கத்தில் 'டிக்' சத்தம். பாட்டு தொடங்கும் முன்பே அதன் நிழல்போல ஏதோ கேட்கிறது. பக்கம் முடியப்போகும்போது குரல் கரகரக்கிறது. கடையில் மாற்றிக் கேட்கலாமா?

பதில்: உடனே மாற்றிவிடாதீர்கள். நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றுதான் நிச்சயமாக அந்தத் தட்டின் குறையாக இருக்கக்கூடியது.

கார்னெல் இருக்கும் இத்தாக்கா நகரில், பார்ட்டன் ஹால் என்ற அரங்கில் அன்று ஒலிப்பதிவு செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். அரங்க ஒலிபெருக்கிக்குப் போனதை அப்படியே பிடிக்காமல், ஒலிநாடாவுக்கென்று தனியாகக் கலந்து இரண்டே தடங்களில் பதிந்தார். அதனால் கிதாரையோ டிரம்ஸையோ இன்று தனியே கூட்டிக் குறைக்க வழியில்லை. அவர் கையின் நிதானம்தான் நாம் கேட்பது. வாடகை பாக்கிக்காகக் கிடங்குக்காரர்கள் 1986இல் அவருடைய நாடாக்களை ஏலம் விட்டார்கள். அதையெல்லாம் தாண்டி 2017இல்தான் இந்தக் கச்சேரி முறையாக வெளியானது. கொஞ்சம் 'ஸ்ஸ்' ஒட்டிக்கொண்டு வந்ததில் வியப்பில்லை.

சரி, சோதனைக்கு வருவோம். ஊசியை வைத்ததும் சில வினாடி வெற்றுப் பள்ளம் ஓடும். அங்கே அமைதியாக இருந்து, அரங்கச் சத்தம் எழும்போது 'ஸ்ஸ்' சேர்ந்து எழுந்தால் அது நாடாவின் இரைச்சல். வெற்றுப் பள்ளத்திலேயே இரைந்தால் தட்டையும் ஊசியையும் சுத்தம் செய்யுங்கள், தட்டின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் போனோ பிரீஆம்பையும் பாருங்கள்.

'டிக்'குக்குக் கடிகாரம் போதும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. அந்த இடைவெளியில் தவறாமல் வந்தால் கீறலோ அச்சுக் குறையோ தட்டில் இருக்கிறது. தாறுமாறாக வந்தால் பெரும்பாலும் தூசி.

அந்த நிழலுக்கும் இதே கணக்குதான். பாட்டுக்குச் சரியாக 1.8 வினாடி முன்னால் கேட்டால், மூலத்தட்டில் பள்ளம் வெட்டும்போது பக்கத்துப் பள்ளத்தின் சுவர் லேசாக நெளிந்திருக்கிறது என்று அர்த்தம். இடைவெளி இடத்துக்கு இடம் மாறினால், நாடாச் சுருளில் ஒரு சுற்றின் காந்தப்பதிவு அடுத்த சுற்றில் ஒட்டியது. ஆண்டுக்கணக்கில் சுற்றியே கிடந்த நாடாவில் இது சகஜம். இரண்டுமே அந்தப் பதிப்பின் எல்லாப் பிரதியிலும் இருக்கும், மாற்றிப் பயனில்லை.

கரகரப்புக்குக் காரணம் தட்டின் வடிவம். ஓரத்தில் ஊசிக்கடியில் வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள்ளே போகப்போக அது ஏறத்தாழ 21 செ.மீ. ஆகிவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கப்படுகிறது. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தை அளவுத்தாள் வைத்துச் சரிசெய்யுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம். அப்புறமும் கரகரத்தால் நுண்முனை ஸ்டைலஸ் (ஊசி) வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் பாருங்கள். பியானோவின் நீண்ட சுரம் அலைந்து, ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மும் ஒவ்வொரு சுற்றிலும் இடம் வலமாக ஆடினால், நடுத்துளை மையம் விலகியிருக்கிறது. அதற்கும், கழுவிய பிறகும் போகாத 1.8 வினாடி 'டிக்'குக்கும் தாராளமாக மாற்றிக் கேளுங்கள். ஆர்ம் ஆடுவதைக் கைபேசியில் படம்பிடித்துக் கொண்டுபோனால் கடைக்காரரிடம் வாதாட வேண்டியிருக்காது.