பூண்டு ஊறிய ஆலிவ் எண்ணெய் எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி: கடையில் வாங்கிய எலுமிச்சை மண ஆலிவ் எண்ணெய்க்கு ஓராண்டுக்கு மேல் கெடு போட்டிருக்கிறார்கள். நான் பச்சைப் பூண்டும் ரோஸ்மேரியும் போட்டு ஊறவைத்த புட்டி சமையலறை அலமாரியில் மூன்று வாரமாக இருக்கிறது. வாசனை நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது ஒரு வாரம்கூடத் தாங்காது என்கிறார்களே, எண்ணெய் ஒன்றுதானே?

பதில்: எண்ணெய் ஒன்றுதான். மணத்தோடு சேர்ந்து எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது என்பதில்தான் வேறுபாடு. ஆலிவ் காய்களோடு எலுமிச்சையையும் சேர்த்து அரைக்கும்போது, தோலில் உள்ள வாசனைப் பொருள் எண்ணெயில் கரைந்துவிடுகிறது. சாறும் சக்கையும் பெரும்பாலும் எந்திரத்திலேயே பிரிந்து போய்விடுகின்றன. வாசனைச் சாரத்தை நேரடியாகக் கலப்பதை மட்டமான வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் அதிலும் தண்ணீர் சேர்வதில்லை என்பதால், நீடித்து நிற்பதில் அது சளைத்ததல்ல.

உங்கள் புட்டியின் கதை வேறு. பூண்டுப் பல்லில் பாதிக்கு மேல் தண்ணீர், புளிப்பும் குறைவு. மேலே மூடி நிற்கும் எண்ணெய் காற்றை அண்டவிடாது. மண்ணிலிருந்து பூண்டோடு ஒட்டி வரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் முளைத்து நஞ்சு சுரக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. அந்த வித்துகள் சாதாரணக் கொதியில் சாவதில்லை. நஞ்சுக்கோ மணமும் இல்லை, ருசியும் இல்லை. 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில், குளிர்ப்பெட்டியில் வைக்காத பூண்டு எண்ணெயால் 36 பேர் நோயுற்றார்கள். தொழிற்சாலைகள் பூண்டை அமிலமேற்றி, அதன் பிஎச் அளவை (புளிப்பு கூடக் கூட இறங்கும் எண்) 4.6-க்குக் கீழே இறக்குவது இதனால்தான். வீட்டில் பச்சைப் பூண்டு போட்டால் 4 டிகிரி செல்சியஸில் வைத்து, 4 நாளில் தீர்த்துவிட வேண்டும்.

நன்கு காய்ந்த மூலிகை என்றால் இந்த அச்சம் வெகுவாகக் குறையும். ரோஸ்மேரி இலையை விரலிடையில் நசுக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று பொடிந்தால் போடலாம், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அதன் பிறகு கவலை எண்ணெயின் சிக்கு வாடைதான். ரோஸ்மேரியின் கார்னோசிக் அமிலம் அதைத் தள்ளிப்போட உதவும் என்றாலும், இலையின் பச்சையம் வெளிச்சத்தில் அதை விரைவுபடுத்தும். ஆகவே மணம் இறங்கியதும் வடிகட்டி, கருநிறப் புட்டியில் விளிம்புவரை ஊற்றி, அடுப்புக்கு எட்டத்தில் வையுங்கள்.

இப்போது அலமாரியில் இருப்பதை ருசித்துப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.