பூவை அப்புறம் பார்க்கலாம், முதலில் இலை நுனி

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கள்ளிவேலியில் மழைக்குப் பிறகு ஒரு கொடி ஏறியிருக்கிறது. உச்சியில் மஞ்சள் பூ, கீழே சிவப்புப் பூ. இரண்டு கொடிகளா? காந்தள் என்கிறார்கள், எப்படி உறுதிசெய்வது? கிழங்கைத் தோண்டி வீட்டில் நடலாமா?

பதில்: ஒரே கொடிதான். காந்தள் பூ பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, நாளாக ஆகச் சிவப்பேறி, வாடுவதற்குள் முழுக்கச் சிவந்துவிடும். கீழே இருப்பது மூத்த பூ, உச்சியில் இருப்பது நேற்றுப் பூத்தது.

நிறத்தைவிட இலையை நம்புங்கள். பாகலிலும் கோவையிலும் பற்றுக்கம்பி இலைக்காம்பை ஒட்டிக் கிளம்பும். பிரண்டையில் கணுவில் இலைக்கு எதிர்ப்புறம். காந்தளில் இலையின் நுனியே எலிவால் போல நீண்டு, அகப்பட்ட குச்சியைச் சுற்றிக்கொள்ளும். நரம்புகள் மூங்கில் இலையில் போல நீளவாக்கில் ஓடும். அடி இலைகளில் சுருள் இருக்காது. அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. மேல் இலைகளைப் பாருங்கள்.

பூ இருந்தால் சந்தேகமே வேண்டாம். தலைகுனிந்து தொங்கும், ஓரம் நெளிந்த 6 இதழ்களும் பின்னால் மடங்கித் தீக்கொழுந்தாய் மேலே நிற்கும். கீழிருந்து எட்டிப் பார்த்தால், பின்னால் காயாகும் பச்சைச் சூலகத்தின் நுனியிலிருந்து கிளம்பும் மெல்லிய சூல்தண்டு அங்கேயே சட்டென்று மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். எனக்கு இதுதான் கடைசி முத்திரை.

கிழங்கு விஷயம் வேறு. கலப்பை போலக் கவைத்திருப்பதால் கலப்பைக் கிழங்கு, ஊர்வழக்கில் கண்வலிக்கிழங்கு. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள். செடி முழுக்கக் கோல்சிசின் என்ற நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். யாராவது கடித்துவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், கொடியின் ஒரு துண்டோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதே நஞ்சுக்காகத்தான், மருந்துக் கம்பெனிகளுக்கு விதை விற்க, இதைப் பயிரிடுகிறார்கள்.

ஆகவே, சின்னப் பிள்ளைகளோ ஆடுமாடோ உள்ள வீட்டில் வேண்டாம் என்பேன். ஆசை விடவில்லையென்றால், காய் மூன்றாக வெடித்ததும் செம்மஞ்சள் விதைகளைக் கையுறை போட்டு எடுத்து விதையுங்கள். பூக்கச் சில வருடம் ஆகும். வேலிக் கொடி அங்கேயே இருக்கட்டும். கோடையில் தண்டு காய்ந்து மறைந்துவிடும். செத்துவிட்டது என்று அங்கே மண்வெட்டி போடாமல், இப்போதே ஒரு கல்லை அடையாளம் வைத்துவிடுங்கள்.