கண்மாய்க்கு அக்கரையில் நிற்கும் இணையம்

கேள்வி: பேரையூர் அருகே மலையடிவாரக் கிராமத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். ஃபைபர் கேபிள் 3 கி.மீ. தள்ளியுள்ள பக்கத்து ஊரோடு நின்றுவிட்டது. இடையில் கண்மாயும் தென்னந்தோப்பும் இருக்கின்றன. ட்ரோனும் லேசரும் இணையம் தரும் என்கிறார்களே, காத்திருக்கலாமா?

பதில்: ட்ரோனுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஏறத்தாழ 42 மீட்டர் இறக்கை அகலம் கொண்ட, சூரிய ஒளியில் இயங்கும் அக்விலா என்னும் ஆளில்லா விமானங்களை 18 கி.மீ. உயரத்துக்கு மேல் மாதக்கணக்கில் பறக்கவிட்டு, அவற்றுக்கிடையே லேசரால் தரவை அனுப்ப ஃபேஸ்புக் திட்டமிட்டது. 2016-இல் அரிசோனாவில் முதன்முறையாகப் பறந்த அக்விலா 2018-இல் கைவிடப்பட்டது.

லேசர் அப்படியல்ல. கூகுளின் தாய் நிறுவனத்தில் உருவான, கேபிள் இல்லாமல் லேசர் ஒளியால் தரவு அனுப்பும் தாரா கருவிகள், 2021-இல் ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றின் குறுக்கே பிராசவில், கின்ஷாசா நகரங்களை 4.8 கி.மீ. தூரத்துக்கு இணைத்து, 20 நாட்களில் ஏறத்தாழ 700 டெராபைட் தரவைக் கடத்தின. லேசருக்கு மழையைவிட மூடுபனியே பெரும் பகை. அதன் நுண்துளிகள் லேசரின் அகச்சிவப்பு ஒளியைச் சிதறடித்துவிடும். நம் சமவெளியில் அது மார்கழி விடியற்காலையோடு போய்விடும் என்பதால், உங்கள் ஊரைப் பொறுத்தவரை நான் அஞ்சுவது காற்றுக்குத்தான். ஆடிக் காற்றில் உங்கள் மாடிக் கம்பம் 1 டிகிரி சாய்ந்தால்கூட, 3 கி.மீ.க்கு அப்பால் ஒளிக்கற்றை 52 மீட்டர் விலகி விழும். தாராவில் உள்ள கண்ணாடிகள் தாமே திரும்பி ஒளியைக் குறியில் நிறுத்துகின்றன. ஆனால் அந்தக் கருவியின் 20 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 20 கிகாபிட்) வேகம் ஓர் இ-சேவை மையத்துக்குத் தேவையே இல்லை.

உங்களுக்கு ஏற்றது, இரு முனையிலும் தட்டு ஆண்டெனா வைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இணைப்பு. இதன் கற்றை சில டிகிரி அகலமானது என்பதால் சிறு ஆட்டத்தைத் தாங்கும்; வரையறுத்த திறனுக்குள் இயக்கினால் 2018 முதல் இந்த அலைவரிசைக்கு உரிமமும் வேண்டியதில்லை. பக்கத்து ஊரில் ஃபைபர் இணைப்பு தருபவரிடமே இதை அமைத்துத் தரக் கேளுங்கள்.

பணம் கட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். வெயில் நேரத்தில் அந்த ஊர் மாடியில் ஒருவரை நிறுத்தி, முகம் பார்க்கும் கண்ணாடியால் உங்கள் பக்கம் ஒளியடிக்கச் சொல்லுங்கள். அது உங்கள் மாடியில் தெரியவில்லையென்றால் கம்பத்தை உயர்த்தியே ஆகவேண்டும். தெரிந்தாலும் போதாது, ரேடியோ அலைக்கு நடுவழியில் தென்னை உச்சிக்கு மேல் சுமார் 4 மீட்டர் தடையற்ற இடைவெளி வேண்டும். தோப்பில் இளங்கன்றுகள் இருந்தால், அவை வளரப்போகும் உயரத்தையும் சேர்த்தே கம்பத்துக்கு அளவு எடுங்கள்.