பாஸ் வேண்டாம், மேற்குப் பக்கம் நில்லுங்கள்

நியூஜெர்சி எடிசனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மதுரையிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் தினத்தன்று நியூயார்க்கில் ஐரிஷ்காரர்கள் நடத்தும் ஊர்வலத்தை அவர்களுக்குக் காட்ட ஆசை. வீட்டில் யாரும் இதுவரை போனதில்லை. மாமனாருக்குச் சர்க்கரை, மணிக்கொரு தரம் கழிப்பறை தேவைப்படும். தெரிந்தவர் ஒருவர் 'முன்வரிசை பாஸ்' என்று தலைக்கு 90 டாலர் கேட்கிறார். பாஸ் வாங்கலாமா, பெரியவர் சமாளிப்பாரா என்பது கேள்வி.

பாஸ் வாங்காதீர்கள். ஊர்வலம் போகும் ஐந்தாவது அவென்யூவின் நடைபாதையில் நின்று வேடிக்கை பார்க்க ஒருவருக்கும் காசு தர வேண்டியதில்லை. 1762இல், அமெரிக்கா தனி நாடாவதற்கு 14 வருடம் முன்பே தொடங்கிய ஊர்வலம் இது. போலீஸ்காரர்கள் இரும்புத் தடுப்பு போட்டிருப்பார்கள். முதலில் வந்தவர் முன்னால் நிற்பார், அவ்வளவுதான் கணக்கு. உட்கார்ந்து பார்க்கும் மேடைகள் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு. 90 டாலர்காரரிடம், "எந்தத் தெரு, எந்த இருக்கை, எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே வேன் வாடகைக்குத் தாவும். வேனும் வேண்டாம். அன்றைக்கு அந்த வட்டாரத்தில் வண்டி நகராது. எடிசனிலிருந்து ரயிலில் போனால் 62 வயது தாண்டியவர்களுக்குப் பாதிக் கட்டணம். வயதைக் காட்ட ஏதாவது கையில் இருக்கட்டும்.

இனி கழிப்பறை. உலகத்துப் பணமெல்லாம் புரளும் ஊர்; ஒரு வயசாளி அவசரத்துக்கு ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கிறது. மதுரைப் பேருந்து நிலையத்தில் சில்லறை கொடுத்தால் காரியம் முடியும். இங்கே காபி வாங்கி, ரசீதில் உள்ள எண்ணைக் கதவில் அழுத்தி, உள்ளே ஏற்கெனவே யாரோ இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வருடா வருடம் இதே கதை, நகராட்சி அசைவதாகக் காணோம்.

அதனால் எந்தப் பக்கம் நிற்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஊர்வலம் 11 மணிக்கு 44ஆவது தெருவில் கிளம்பி, வடக்கே 79ஆவது தெருவரை போகும். மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அது போய்க்கொண்டிருக்கும்போது அவென்யூ ஆற்றுக்குச் சமம். நினைத்த நேரத்தில் அக்கரைக்குப் போக முடியாது. உங்கள் ரயில் வந்து நிற்கும் பென் ஸ்டேஷன் மேற்கில் இருக்கிறது. கழிப்பறைகளும் பெரும்பாலும் மேற்கில்தான். ஆகவே மேற்குப் பக்கம், 47இலிருந்து 49ஆவது தெருவுக்குள் நில்லுங்கள். ராக்ஃபெல்லர் சென்டரின் கீழ்த்தளத்தில் கழிப்பறை உண்டு. 42ஆவது தெருவில், பெரிய நூலகத்துக்குப் பின்னால் பிரையன்ட் பார்க்கில் ஒரு சின்னக் கல் கட்டடம் இருக்கிறது. உள்ளே போனால் ஜாடியில் புதுப் பூ, துடைத்துக்கொண்டே நிற்கும் பணியாளர். முதல் தடவை நான் ஏதோ தனியார் கிளப் என்று நினைத்து வெளியே வந்துவிட்டேன். அங்கே வரிசை நிற்கும். பெரியவருக்கு 'வருகிற மாதிரி' இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும்.

எப்படியோ கிழக்குப் பக்கம் மாட்டிக்கொண்டால்? கடக்க ஒரு வழி இருக்கிறது. 42ஆவது தெருவுக்கு இறங்கி வாருங்கள். ஊர்வலம் 44இல்தான் தொடங்குகிறது, ஆகையால் அதற்குத் தெற்கே அவென்யூவைக் கடப்பது சுலபம். கூட்டம் அங்கேயும் அடைத்திருந்தால் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 7ஆம் எண் சுரங்க ரயில் ஏறுங்கள். அது அவென்யூவுக்கு அடியிலேயே மேற்கே போகும். அடுத்த நிறுத்தம் பிரையன்ட் பார்க் பக்கம். கிராண்ட் சென்ட்ரலிலும் கழிப்பறை உண்டு. ஏறும் முன் முடித்துக்கொள்ளலாம். நடுவில் போலீஸ்காரர் இடைவெளி பார்த்துச் சிலரைக் கடக்க விடுவார், உண்மைதான். ஆனால் அவர் எப்போது விடுவார் என்பது அவருக்கே தெரியாது. அதை நம்பி நிற்பது சர்க்கரைக்காரருக்கு ஆகாது.

பாஸ்காரரைவிட எனக்கு வயிற்றெரிச்சல் தருவது சென்ட்ரல் பார்க் பக்கம் நிற்கும் சைக்கிள் ரிக்‌ஷாக்கள். நடந்து களைத்த பெரியவர்களைப் பார்த்ததும், "அங்கிள், ஏழு டாலர்தான்" என்று இந்தியிலேயே கூப்பிடுவார்கள். அந்த ஏழு ஒரு நிமிடத்துக்கு! வண்டியில் கட்டணப் பலகை இருக்க வேண்டும் என்பது சட்டம். பலகையும் இருக்கும், நிமிடத்துக்கு என்ற சொல் மட்டும் கண்ணில் படாது. நான் அழைத்துப்போன குழுவில் ஒரு பெரியவர், மனைவிக்குக் கால் வலி என்று ஏறினார். 12 நிமிடம், 84 டாலர். மனுஷர் ஊருக்குத் திரும்பும்வரை அதை மகனிடம் சொல்லவில்லை. ஏறும் முன் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்; சொல்லத் தயங்கினால் நடையைக் கட்டுங்கள். பச்சைத் தொப்பியைத் தலையில் வைத்துவிட்டுக் காசு கேட்பவரும், கூடப் படம் எடுத்துவிட்டுக் கையை நீட்டுபவரும் இதே ரகம்தான். தொப்பி வேண்டுமானால் எடிசனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்ச் 17 நியூயார்க்கில் அரசு விடுமுறை இல்லை. உங்கள் கணவர் லீவு போட்டாக வேண்டும். 17 ஞாயிறாக இருந்தால் ஊர்வலம் முந்தின நாள் சனிக்கிழமையே நடந்துவிடும், 2024இல் நடந்தது போல.

ஊர்வலம் சாயங்காலம்வரை போகும், முழுதும் நிற்க வேண்டாம். பத்து மணிக்குப் போய் இடம் பிடியுங்கள். முதலில் வருவது 69ஆவது ராணுவப் படைப்பிரிவு. அவர்களோடு வரும் ஐரிஷ் வேட்டைநாய்கள் ஆள் இடுப்பு உயரம் இருக்கும், ஆனால் பசுக்கன்று மாதிரி சாதுவாக நடக்கும். மாமியாருக்குப் பிடிக்கும். பேக்பைப் என்கிற பைக்குழல் வாத்தியம் தொலைவில் நாதஸ்வரம் போலவும் பக்கத்தில் வந்தால் காதைப் பிடுங்குவது போலவும் இருக்கும். தீயணைப்புத் துறையினர் 343 கொடிகளோடு நடப்பார்கள். 2001 செப்டம்பர் 11இல் இறந்த சகாக்களுக்கு ஆளுக்கொன்று. கடைசிவரை இருக்க முடியாவிட்டால் அதைத் தவறவிட நேரலாம், பரவாயில்லை. ஒன்றரை மணிக்குக் கிளம்பிவிடுங்கள். நேரம் ஆக ஆக இளவட்டங்களின் குடி ஏறும். சாயங்கால ரயிலில் பெரியவர்களோடு நிற்க முடியாது.

குளிருக்குக் கையுறை, காதை மூடும் குல்லா வேண்டும். அவென்யூவில் காற்று நேராக முகத்தில் அடிக்கும். மாத்திரையும் பிஸ்கெட்டும் மாமனாரின் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், உங்கள் கைப்பையில் வேண்டாம், கூட்டத்தில் பிரிந்துவிடுவீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஐரிஷ் கடைகளில் மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும்தான் கிடைக்கும். மாமியார் தொடமாட்டார் என்று நினைக்கிறேன். லெக்சிங்டன் அவென்யூவில் 28ஆவது தெருவை ஒட்டி தோசைக் கடைகள் இருக்கின்றன. அது கிழக்குப் பக்கம். மறக்காமல் 42க்குத் தெற்கே வந்து கடந்துகொள்ளுங்கள்.