வளையலை அடகு வைக்காதீர்கள், அவள் கல்லைப் படிக்கட்டும்

போன வாரம் மகளோடு வந்திருந்தீர்கள் அம்மா. கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு முன்பணம் கட்டச் சொல்லிப் பெரியப்பா நெருக்குகிறார், இவளோ பூண்டி அருங்காட்சியகம் போய் வந்ததிலிருந்து கற்கருவி என்றே பேசுகிறாள் என்று கண் கலங்கினீர்கள். அன்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அது போதாது.

மேனேஜ்மென்ட் கோட்டாவுக்காக வளையலை அடகு வைக்காதீர்கள். பாதியில் அவள் விட்டுவிட்டால் கட்டிய பணம் வராது, வட்டி மட்டும் நிற்கும். அதைப் பெரியப்பா கட்டப்போவதில்லை.

அவள் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தாளே, கவனித்தீர்களா? "இது தானா உடைஞ்சது சார், தட்டின இடத்துல குமிழ் இல்ல" என்றாள். சரியான கண் அது. மனிதன் ஓங்கித் தட்டிப் பெயர்த்த சில்லில், அடி விழுந்த புள்ளிக்குக் கீழே லேசான புடைப்பு இருக்கும். விரல் வைத்தாலே தெரியும். எந்தச் சில்லு முதலில் பெயர்ந்தது, எது அடுத்தது என்று தழும்புகளை வரிசைப்படுத்தினால், செய்தவன் கை போன வழி கிடைக்கும்.

இது வெறும் வரலாற்றுப் பாடமும் அல்ல. கொற்றலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தின் கைக்கோடாரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011-இல் வெளியிட்டது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் கல்லில் உண்டான பெரிலியம், அலுமினியம் அணுக்கள், புதைந்த பிறகு எவ்வளவு சிதைந்தன என்று அளந்துதான் அதைக் கணித்தார்கள். 1863-இல் பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்ட ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் ஜியாலஜிஸ்ட்தான், அதாவது நிலவியலாளர்.

ஆகவே என் யோசனை, பி.எஸ்சி. ஜியாலஜி. சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது, அரசுக் கல்லூரிக் கட்டணம்தான். அப்புறம் புனே டெக்கான் கல்லூரி போன்ற இடத்தில் எம்.ஏ. தொல்லியல். தொல்லியலில் பணியிடங்கள் குறைவு, மறைக்கமாட்டேன். மனம் மாறினால் எம்.எஸ்சி. ஜியாலஜி முடித்து, அரசு நிலவியலாளர் வேலைக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வை எழுதலாம். அந்தக் கதவு இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

முன்பணத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்றீர்கள். அதற்கு முன்பே, வேண்டாம் என்று பெரியப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.