மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும் ஓட்டம்

கேள்வி: எனக்கு வயது 43. திருச்சியில் வங்கி வேலை. எடை 78 கிலோ. எடை குறைய வேண்டும் என்று இதுவரை மூன்று முறை ஓட ஆரம்பித்தேன். மூன்று முறையும் மூன்றாவது வாரத்தில் நின்றுவிட்டது. அலுவலக நண்பர்கள் அரை மராத்தான் ஓடிப் பதக்கத்தோடு படம் போடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு ஈடுகொடுத்துத்தான் ஓடிப் பார்த்தேன். காலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். எனக்கு மன உறுதி இல்லையா? நெடுந்தூரம் ஓடும் ஆர்வத்தை எப்படி வரவழைப்பது?

பதில்: மன உறுதியைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் ‘ஈடுகொடுத்து ஓடினேன்’ என்பது. நண்பர் எத்தனை வருடமாக ஓடுகிறாரோ! புதிதாக ஓடுபவருக்கு மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். இரண்டு வாரம் ஆனதும் ‘மூச்சு வாங்கவில்லையே’ என்று வேகத்தைக் கூட்டுவோம், மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். உங்களுக்கும் அப்படி வலித்திருக்கும் என்றே நினைக்கிறேன். வலிக்கிற காரியத்துக்கு விடியற்காலையில் எழுந்திருக்க உடம்பு மறுப்பதில் என்ன தப்பு?

அடுத்தது, எடை. ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவாகும். நீங்கள் 5 கி.மீ. ஓடினால் 390 கலோரி. திரும்பும் வழியில் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. சாப்பாட்டில் எதையும் கூட்டாமல் இருந்தாலே அதற்கு 20 நாள் ஓட வேண்டும். எடைக்காக ஓடுகிறவர் தினமும் எடை பார்க்கும் எந்திரத்தில் ஏறி நின்று ஏமாறுவது இதனால்தான். ஓட ஆரம்பிக்க எடை நல்ல காரணம். தொடர்ந்து ஓட அது போதாது.

வேறு என்ன காரணங்கள் இருக்கின்றன? மராத்தான் ஓடுகிறவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று அளக்க, கெவின் மாஸ்டர்ஸ், பெஞ்சமின் ஓகிள்ஸ் ஆகிய உளவியலாளர்களும் அவர்களுடைய சகாவும் 1993இல் 56 வாசகங்கள் கொண்ட ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார்கள். அதில் காரணங்களை ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஆரோக்கியம், எடை, போட்டி, பிறர் பாராட்டு எல்லாம் நாம் எதிர்பார்ப்பவைதான். கூடவே, கவலையிலிருந்து மீள்வது, தன்மதிப்பு, நாலு பேரோடு சேர்ந்திருப்பது, தனக்குத்தானே வைத்துக்கொண்ட இலக்கு, வாழ்க்கைக்கு ஒரு பொருள் தேடுவது ஆகியவையும் உண்டு.

இதற்கு ஃபவுஜா சிங்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பஞ்சாபில் பிறந்த விவசாயி. 1994இல் விபத்தில் மகனைப் பறிகொடுத்தார். பிறகு லண்டனில் இருந்தபோது, அந்தத் துக்கத்திலிருந்து வெளியே வர ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார். 2000இல் லண்டன் மராத்தானை ஓடியபோது தன் வயது 89 என்றார். 2011இல் டொரான்டோ மராத்தானில் 100 வயதில் 42.195 கி.மீ. தூரத்தையும் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. அவர் அதற்காகவா ஓடினார்!

உங்களுக்கு அவ்வளவு பெரிய காரணம் தேவையில்லை (வேண்டவும் வேண்டாம்). ஆனால் ஓடிய அன்றைக்கே பலன் தரும் காரணம் ஒன்று வேண்டும். எடையும் பதக்கமும் மாதக்கணக்கில் காக்க வைக்கும். கைப்பேசி அடிக்காத நாற்பது நிமிடம், சேர்ந்து ஓடும் கூட்டாளியோடு அரட்டை, இரவு நல்ல தூக்கம் எல்லாம் அன்றே கையில் கிடைக்கும். இதில் உங்களுக்கு எது என்று நான் சொல்ல முடியாது. ஓடி முடித்ததும் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இன்று எது பிடித்திருந்தது? தூரமும் நேரமும் எழுத வேண்டாம். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் திரும்பத் திரும்ப வருவது என்னவென்று தெரியும்.

சரி, எப்படி ஓடுவது? வயது நாற்பதைத் தாண்டிவிட்டதால் முதலில் மருத்துவரைப் பார்த்து இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு அழுத்தினால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அப்புறம், வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் அரை மணி நேரம். நடுவில் நடப்பது கேவலம் என்று நினைக்காதீர்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. இப்படியே மராத்தானை முடிப்பவர்கள் நிறையப் பேர். வேகத்தைச் சோதிக்க ஒரு வழி: ஓடிக்கொண்டே ஒரு குறளை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்லிப் பாருங்கள். முதல் அடியிலேயே திணறினால் வேகம் அதிகம். நண்பர் முன்னால் போனால் போகட்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓட்டத்தில் அரை நிமிடம் கூட்டுங்கள். மூன்றாவது வாரம் மட்டும் எதையும் கூட்டாமல் முதல் வாரம் ஓடியதையே ஓடுங்கள். உங்கள் கால் மக்கர் பண்ணுகிற வாரம் அது.

படுக்கையிலிருந்து எழுவது பெரும்பாடாக இருந்தால் மாலையில் ஓடலாமே. ஐந்து மணிக்கு எழுந்தால்தான் ஓட்டக்காரர் என்று எந்தச் சட்டமும் இல்லை. திருச்சி வெயிலுக்கு ஆறு மணிக்கு மேல் கிளம்புங்கள். அரை மராத்தானுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். நிற்காமல் 5 கி.மீ. ஓட வந்தபிறகு, அந்த நோட்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.