குடியை நிறுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

அண்ணனுக்குத் தெரியாமல் மாத்திரை கலந்து கொடுத்தால் குடியை விட்டுவிடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். டாக்டர்கள் தரும் டைசல்ஃபிரம், மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடைத் தேங்க வைக்கும். மாத்திரை சாப்பிட்ட பிறகு குடித்தால் முகம் சிவக்கும், வாந்தியும் படபடப்பும் வரும். ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். குடிப்பவர் அறிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. சுவர் விளம்பரப் பொடிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறதென்று விற்பவருக்காவது தெரியுமா?

தினமும் நிறையக் குடிப்பவரை அறையில் பூட்டித் திடீரென நிறுத்துவதும் ஆபத்துதான். முதல் 2 நாட்களில் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாட்களில் நடுக்கத்தோடு, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் புத்தி தடுமாறலாம். மருத்துவமனையில் தூக்க வகை மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, வைட்டமின் பி1 ஏற்றி இதைக் கடத்துவார்கள்.

அது தொடக்கம் மட்டுமே. பிறகு மாதக்கணக்கில் ஆலோசனை, குடி வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகள், குடியை விட்டவர்களின் கூட்டங்கள். நடுவே மறுபடி குடித்துவிட்டால் சிகிச்சை வீண் என்று வீட்டார் முடிவு கட்டுவதுதான் எனக்கு வருத்தம். சர்க்கரை ஏறினால் டாக்டரையா கைவிடுகிறோம்?

2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வுப்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இலவச உதவி எண் 14446. அண்ணன் வர மறுத்தாலும் நீங்கள் பேசலாம்.